ஆயிரத்தில் ஒன்று



உங்கள் வீட்டு நாய் ஓடும்போதோ தாவும்போதோ எடுத்த படத்தைப் பொங்கல் இதழுக்கு அனுப்புங்கள் என்று போன மாதம் இதே பக்கத்தில் கேட்டிருந்தேன். அள்ளி அனுப்பியிருக்கிறீர்கள். மனம் நிறைந்த நன்றி. இனி உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: வந்த படங்களில் பெரும்பாலானவற்றில் நாயைத் தேட வேண்டியிருக்கிறது.

தண்ணீர்த் தொட்டி ஓரமாகப் பழுப்பு நிறத்தில் ஒரு தீற்றல். கீழே "டைகர், வயது 3" என்று எழுதியிருக்கிறது. இன்னொன்றில் துளசி மாடம் இலையை எண்ணுகிற அளவுக்குத் தெளிவாக இருக்கிறது; படத்தின் வலது ஓரத்தில் வால் மட்டும் வெளியேறிக்கொண்டிருக்கிறது. அலுவலகத்தில் அதற்கு "வால் படம்" என்றே பெயர் வைத்துவிட்டோம். ஆனால் எல்லாவற்றையும் மிஞ்சியது சந்தவாசலிலிருந்து ஒரு வாசகி அனுப்பியது. கூடவே ஒரு குறிப்பு. பின்னாடி இருக்கிற வைக்கோல் போர் நன்றாக விழுந்திருக்கிறதாம். முன்னாடி கறுப்பாகப் போவது கருப்பியாம். நம்பிக்கை இருந்தால் போடச் சொல்லியிருந்தார்.

இப்படி எழுதுகிறவரைப் பார்க்காமல் இருக்க முடியுமா? மார்கழியில் படவேடு ரேணுகாம்பாள் கோயிலுக்குப் போகிற வேலை இருந்தது. வேலூரிலிருந்து திருவண்ணாமலை போகிற சாலையில் கண்ணமங்கலம் தாண்டி, போளூருக்கு முன்னால் சந்தவாசல். அங்கிருந்துதான் மேற்கே படவேட்டுக்குத் திரும்ப வேண்டும். தொலைபேசியில் சொன்னதும், "வாங்கண்ணா, நாய் ரெண்டும் இங்கதான் ஓடிக்கினு கெடக்குதுங்க" என்றார் அக்கா. என் பழைய கேமராவையும் எடுத்துக்கொண்டேன். ஒரு ஆசிரியர் கையை வீசிக்கொண்டு போனால் நன்றாகவா இருக்கும்?

வீடு வயலை ஒட்டி இருந்தது. ஒரு பக்கம் மல்லாட்டை (நிலக்கடலை), ஒரு பக்கம் கரும்பு. மேற்கே சுவர் எழுப்பினாற்போல் ஜவ்வாது மலை. நாய்கள் இரண்டு. கருப்பி பேருக்கேற்ற கறுப்பு, உச்சி முதல் நகம் வரை. வெள்ளையன் அதற்கு நேர் எதிர். அக்காவின் மகன் போளூர்ப் பக்கம் ஒரு ஸ்டுடியோவில் வேலை செய்கிறார் என்று அங்கே போன பிறகுதான் தெரிந்தது. "அப்புறம் ஏன் அந்த வைக்கோல் போர் படம்?" என்று கேட்டேன். "அது அம்மா போன்ல எடுத்தது சார். என்னைத் தொடவே விடல" என்றார்.

நான் எடுத்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். காலை எட்டு மணி. புளியமரத்தடியில் நின்றுகொண்டு, கேமராவை ஆட்டோ முறையில் வைத்து, இரண்டு நாய்களும் ஒன்றையொன்று துரத்துவதை எடுத்துத் தள்ளினேன். கேமராவின் பின்பக்கத்துச் சின்னத் திரையில் பார்த்தால் அற்புதம். அக்கா மகனான அந்தத் தம்பி அதை வாங்கி, கருப்பியின் கண் வரும்வரை பெரிதாக்கிக் காட்டினார். கண் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு இருந்தது. அடுத்த படம், அதற்கடுத்தது, எல்லாமே கோடு. வெள்ளையன் கொஞ்சம் பரவாயில்லை; ஆனால் அழுக்குத் துணி மாதிரி சாம்பலாக இருந்தான்.

"சார், கல்யாணத்துக்கு வெச்ச செட்டிங்ல காள வராது. நாயும் வராது."

எங்கள் பக்கத்து வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காக ஒரு வரி: பொங்கலை ஒட்டி வேலூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் காளை விடும் விழா நடக்கும். தெருவின் ஒரு முனையில் அவிழ்த்துவிட்ட காளை மறுமுனையை எத்தனை விநாடியில் தொடுகிறது என்று, விநாடியைப் பின்னமாகப் பிரித்துக் கணக்கெடுப்பார்கள். அதைப் படமெடுத்துப் பழகிய கை இந்தத் தம்பியுடையது. நான் எந்தப் புத்தகத்திலும் படிக்காத பாடத்தை அன்று புளியமரத்தடியில் கற்றேன். அதைத்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

கணக்கிலிருந்து தொடங்கலாம். சாதாரண வீட்டு நாய் உற்சாகமாக ஓடினால் மணிக்கு 30 கிலோமீட்டர் போகும் என்று வையுங்கள். விநாடிக்கு எட்டு மீட்டருக்கு மேல். மரநிழலில் ஆட்டோவில் விட்டால் கேமரா பெரும்பாலும் 1/60 விநாடி போன்ற வேகத்தைத்தான் எடுத்துக்கொள்ளும். அந்த 1/60 விநாடிக்குள் நாய் 14 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுகிறது, அரைச் சாணுக்கு மேல். அதன் முகமே அவ்வளவுதானே இருக்கும்? கோடு விழாமல் என்ன செய்யும்? ஷட்டர் வேகத்தை 1/1000 ஆக்கினால் அதே நாய் ஒரு சென்டிமீட்டர்கூட நகராது. 1/2000 என்றால் நாலு மில்லிமீட்டர். கால் இன்னும் வேகம்: தரையில் ஊன்றிய பாதம் நின்றுவிடுகிறது, உடம்பு அதைத் தாண்டிப் போகிறது, பிறகு அந்தப் பாதம் உடம்பையும் முந்திப் போய் முன்னால் விழ வேண்டும். அதனால் உடம்பைவிட அதிக வேகத்தில் வீசும். முகம் தெளிவாக விழுந்து பாதம் மட்டும் லேசாகக் கலைந்திருந்தால் அது குறையே இல்லை என்பது என் கட்சி. ஓடுகிறது என்பதற்கு அதுதானே சாட்சி.

ஆக முதல் வேலை, ஆட்டோவிலிருந்து வெளியே வருவது. கேமராவின் மேலே இருக்கும் சக்கரத்தில் எஸ் என்றோ டிவி என்றோ ஓர் எழுத்து இருக்கும். டிவி என்றதும் தொலைக்காட்சி என்று நினைக்க வேண்டாம். கேனான்காரர்கள் ஷட்டர் வேகத்தை நாம் பிடித்துக்கொள்கிற முறைக்கு வைத்த பெயர் அது. அங்கே திருப்பி 1/1000 என்று வையுங்கள். கிரேஹவுண்ட், சிப்பிப்பாறை மாதிரி நெடுங்கால் நாய் வைத்திருப்பவர்கள் 1/2000-க்குப் போங்கள். கிரேஹவுண்ட் மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் ஓடக்கூடியது.

இங்கேதான் நம்மில் பலர் பின்வாங்குகிறோம். ஷட்டர் வேகத்தை ஏற்றினால் படம் இருண்டுவிடும். இருட்டைப் போக்க, கேமராவின் ஒளியுணர்வு அளவான ஐஎஸ்ஓவை ஏற்ற வேண்டும். ஏற்றினால் படத்தில் புள்ளி புள்ளியாக வரும். இந்தப் புள்ளிப் பயம் ஃபிலிம் காலத்துச் சொத்து. 100 ஏஎஸ்ஏ சுருள் வாங்கினால் வழவழப்பு, 400 வாங்கினால் மணல் தூவியது போல் இருக்கும் என்று அன்று கற்றதை இன்றும் சுமக்கிறோம். நானும் சுமந்தவன்தான். கேமரா வாங்கிய நாளிலிருந்து 400-க்கு மேல் ஏற்றியதில்லை. தம்பி ஒரே திருகலில் 1600 வைத்ததைப் பார்த்து எனக்கு வயிற்றைக் கலக்கியது.

கணக்கு அவர் பக்கம்தான். நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 100, எஃப் 4 துளை என்றால் 1/1600 வேகம் தாராளமாகக் கிடைக்கும். புளியமர நிழலில் வெளிச்சம் எட்டில் ஒரு பங்காகிவிட்டது என்று வையுங்கள். அதே அமைப்பில் வேகம் 1/200-க்கு இறங்கிவிடும். நாய் கோடாகிவிடும். ஐஎஸ்ஓவை 800 ஆக்கினால் மறுபடி 1/1600. கேமராவோடு வருகிற சாதாரண ஜூம் லென்ஸை நீட்டினால் துளை எஃப் 5.6-க்குக் குறுகிவிடும், அதற்கு ஈடாக 1600. அவ்வளவுதான் விஷயம். புள்ளி விழுந்த படத்தைப் பார்த்தால் கருப்பி தெரிகிறாள். வழவழப்பான படத்தில் கருப்பியே இல்லை. எது வேண்டும் உங்களுக்கு?

பத்திரிகைக்காரனாக ஒரு ரகசியமும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் இப்போது கையில் வைத்திருக்கும் இந்த இதழின் படங்கள் எல்லாமே புள்ளிகள்தான். பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள், நான்கு வண்ணப் புள்ளிகளின் கூட்டம். ஐஎஸ்ஓ 3200-இல் விழுகிற மணல் அச்சில் இந்தப் புள்ளிகளுக்குள் கரைந்துபோகும். கோடாக விழுந்த கண்ணை எந்த அச்சகமும் திருப்பித் தராது. செயற்கை நுண்ணறிவுச் செயலியில் போட்டுக் கூர்மையாக்கி அனுப்பிய சிலரும் உண்டு. அதில் ஒரு பொமரேனியனுக்கு முதலைப் பல் முளைத்திருந்தது. அத்தகைய படங்களைத் தயவுசெய்து அனுப்பாதீர்கள். இதில் மட்டும் நான் கறார்.

கருப்பி ஏன் வெள்ளையனைவிட மோசமாகக் கலைந்தாள்? இரண்டும் ஒரே வேகத்தில்தானே ஓடின? நான் இதைக் கேட்டபோது தம்பிக்கு முகம் மலர்ந்துவிட்டது. கேமராவின் ஒளி அளவுகோலுக்கு உலகம் மொத்தமும் நடுத்தரச் சாம்பல் நிறம். கறுப்பு நாய் சட்டகத்தை நிறைத்தால், ஐயோ இருட்டாக இருக்கிறதே என்று பதறி அதைச் சாம்பலாக்கப் பார்க்கும். ஆட்டோவில் அதற்கு அது தேடும் வழிகளில் ஒன்று ஷட்டரை இன்னும் கொஞ்ச நேரம் திறந்து வைப்பது. கருப்பி கலைந்ததற்கு அவளுடைய நிறமும் ஒரு காரணம்! வெள்ளை நாயைப் பார்த்தால் கண் கூசி, அதை இழுத்துச் சாம்பலாக்கும். வெள்ளையன் அழுக்குத் துணியானது அப்படித்தான். கூட்டல் கழித்தல் குறி போட்ட ஒரு பொத்தானோ சக்கரமோ பெரும்பாலான கேமராக்களில் உண்டு. வெள்ளை நாய்க்குக் கூட்டல் பக்கம் முக்கால் அல்லது ஒன்று. கறுப்பு நாய்க்குக் கழித்தல் பக்கம் கொஞ்சம். கறுப்பு நாய்க்கு அதிகம் கழித்தால் கண்ணும் ரோமமும் ஒன்றாகிவிடும். கருப்பியின் கண்ணில் ஒளித்துளி ஒன்று தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் பின்னால் இருக்கும் வானம் வெளுத்துப்போனாலும் விட்டுவிடலாம். தூய வெள்ளை ராஜபாளையம் வளர்ப்பவர்களுக்கு இந்தக் கூட்டல் மிகவும் அவசியம். 2005-இல் அஞ்சல் துறை நம் நாட்டு நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது ராஜபாளையமும் அதில் இடம்பெற்றது. அந்தப் பெருமை பெற்றவனைச் சாம்பலாக்கலாமா?

அடுத்தது குவியம். கேமரா வாங்கிய நிலையில் பெரும்பாலும் ஒருமுறை குவித்துப் பூட்டிக்கொள்கிற வழக்கத்தில்தான் இருக்கும். கோயில் கோபுரத்துக்கு அது சரி. நாய் பூட்டிய இடத்திலா நிற்கும்? தொடர்ந்து துரத்துகிற முறைக்கு மாற்ற வேண்டும். நிக்கான், சோனியில் அதற்கு ஏஎஃப்-சி என்று பெயர், கேனானில் செர்வோ. பொத்தானைப் பாதி அழுத்திப் பிடித்தபடி நாயோடு கூடவே வாருங்கள்; கேமரா விடாமல் துரத்திக்கொண்டே வரும். சோனி 2019-இல் விலங்கின் கண்ணைத் தானே தேடிப் பிடிக்கிற வசதியைக் கொண்டுவந்தது; பிறகு மற்றவர்களும் தந்துவிட்டார்கள். புதுக் கேமரா உள்ளவர்கள் பட்டியலுக்குள் போய், மனிதர் என்றிருப்பதை விலங்கு என்று மாற்றிவிடுங்கள். இதை மாற்றாமல் வைத்துக்கொண்டு கேமராவைத் திட்டுகிறவர்களை நான் அறிவேன். ஒருவர் எங்கள் அலுவலகத்திலேயே இருக்கிறார்.

குறுக்காக ஓடுவது, நேராக நம்மை நோக்கி ஓடிவருவது இரண்டும் வேறு வேறு பாடம். குறுக்கே ஓடினால் தூரம் அதிகம் மாறாது, குவியத்துக்குச் சுலபம். ஆனால் சட்டகத்தில் விருட்டென்று கடப்பதால் கலையும் வாய்ப்பு அதிகம். நேராக வந்தால் கலைவது குறைவு. குவியத்துக்கோ பெரும் சோதனை, ஒவ்வொரு கணமும் தூரம் மாறுகிறது. தம்பி அதற்குப் பழைய ஃபிலிம் காலத்து வித்தை ஒன்றைச் செய்தார். வரப்பில் ஒரு கல்லை வைத்தார். அந்தக் கல்லின் மேல் குவியத்தைக் கையால் வைத்துப் பூட்டினார். வயிறு மண்ணில் படப் படுத்துக்கொண்டார். அக்கா அவருக்குப் பின்னால் நின்று, "வெள்ளையா, பொற இந்தாடா!" என்றார். வரப்பில் ஒரே வழிதான், நாய் விலக முடியாது. கல்லுக்கு ஓரடி முன்னால் வரும்போது பொத்தானை அழுத்திப் பிடித்தார், சடசடவென்று எட்டோ பத்தோ படங்கள். ஒன்றில் வெள்ளையன் கல்லுக்கு மேலே, நாக்கு ஒரு பக்கம், காது இரண்டும் பின்னால். நான் நின்றபடி எடுத்த படங்களில் நாயின் முதுகுதான் இருந்தது. படுத்து எடுத்ததில் நாய்க்கு ஒரு முகம் வந்துவிட்டது. வேட்டிக்குச் சேதம் உண்டு. லுங்கி கட்டிக்கொண்டு போங்கள்.

சடசடவென எடுக்க வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய கதை. 1878-இல் அமெரிக்காவின் பாலோ ஆல்ட்டோவில் மைபிரிட்ஜ் என்ற படக்காரர் வரிசையாக 12 கேமராக்களை நிறுத்தி, ஓடும் குதிரை ஒவ்வொன்றாகத் தட்டிவிடும்படி குறுக்கே நூல் கட்டி எடுத்தார். அதுவரை ஓவியர்கள் குதிரையின் முன்னங்கால் முன்னாலும் பின்னங்கால் பின்னாலும் நீண்டு அந்தரத்தில் பறப்பதுபோல் வரைந்துகொண்டிருந்தார்கள். படம் வந்தபோது அது பொய்த்தது. குதிரை தரையை விட்டு எழும்புவது கால்களை வயிற்றுக்கடியில் மடக்கிய கணத்தில்தான். ஆனால் அந்த ஓவியர்களை முழுக்கப் பரிகசிக்கவும் முடியாது. அவர்கள் குதிரைக்கு வரைந்த பறத்தல் வேட்டை நாய்க்கு உண்மை. கிரேஹவுண்ட் வகை நாய்கள் ஒவ்வொரு பாய்ச்சலிலும் இரண்டு முறை தரையை விடுகின்றன: ஒருமுறை உடம்பைச் சுருட்டி, ஒருமுறை வில்லிலிருந்து போன அம்பாக நீட்டி. விநாடிக்கு ஏறக்குறைய மூன்று பாய்ச்சல். அதாவது ஒரு விநாடியில் ஆறுமுறை அது நம் பூமியில் இல்லை! கண்ணால் பார்த்து அழுத்தினால் விரல் போய்ச் சேருவதற்குள் கால் தரைக்கு வந்துவிடும். அதனால் முந்தி அழுத்துங்கள், அழுத்திப் பிடியுங்கள், பிறகு வீட்டில் உட்கார்ந்து பொறுக்குங்கள். மைபிரிட்ஜ் 1887-இல் வெளியிட்ட 781 தகடுகள் கொண்ட தொகுப்பில் நாய்களும் ஓடுகின்றன.

எல்லாவற்றையும் உறைய வைத்தே ஆக வேண்டுமா என்றால், இல்லை. 1/30, 1/60 வைத்துக்கொண்டு, இடுப்பைத் திருப்பி நாயின் வேகத்துக்கே கேமராவையும் கூடவே கொண்டுபோனால் நாய் ஓரளவு தெளிவாகவும் பின்னால் கரும்புத் தோட்டம் பச்சைக் கோடுகளாகவும் விழும். இதைத் தம்பி செய்துகாட்டியபோது எனக்குக் காவலூர் நினைவுக்கு வந்தது. இதே ஜவ்வாது மலையின் மேற்குப் பக்கத்தில், திருப்பத்தூர் மாவட்ட எல்லையில், வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. 2.34 மீட்டர் ஆடி கொண்ட அதன் பெரிய தொலைநோக்கி 1986 ஜனவரியில் திறந்துவைக்கப்பட்டது. மங்கிய நட்சத்திரத்தின் ஒளியைச் சேர்க்க நீண்ட நேரம் திறந்து வைத்தாக வேண்டும். ஆனால் பூமி சுழல்வதால் நட்சத்திரம் நகர்ந்துகொண்டே போகும், விட்டால் கோடாகிவிடும். தொலைநோக்கியையே நட்சத்திரத்தோடு மெல்லத் திருப்பிக்கொண்டே போகிறார்கள். மலைக்கு அந்தப் பக்கம் செய்வதும் இந்தப் பக்கம் கரும்புத் தோட்டத்தருகே இடுப்பைத் திருப்புவதும் ஒரே வித்தை. நட்சத்திரம் பொறைக்கு ஆசைப்பட்டுத் திடீரென்று திரும்பாது, அவர்களுக்கு அது ஒரு சௌகரியம். இந்த முறையில் 50 எடுத்தால் ஒன்று தேறும். தேறாத படங்களையும் உடனே அழிக்காதீர்கள். 1912-இல் இத்தாலிய ஓவியர் ஜாக்கமோ பல்லா கயிற்றில் கட்டிய ஒரு குட்டைக்கால் நாய் நடப்பதை வரைந்தார். கால்களும் வாலும் விசிறி விரித்தாற்போல் பலவாகத் தெரியும். நம்மிடம் வந்த டைகரின் பழுப்புத் தீற்றலை அன்றைக்கு அனுப்பியிருந்தால் சட்டம் போட்டு மாட்டியிருப்பார்களோ என்னவோ.

போனில் எடுப்பவர்கள் கோபிக்க வேண்டாம், அக்கா உட்பட நீங்கள்தான் அதிகம். முதலில் லென்ஸைத் துடையுங்கள், முந்தானை போதும். இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்காதீர்கள், கிட்டே போங்கள். ப்ரோ என்ற முறை இருந்தால் அதில் ஷட்டரை 1/1000-இல் நிறுத்துங்கள். இல்லாவிட்டால் நிழலை விட்டு வெயிலுக்கு வாருங்கள். வெளிச்சம் நிறைந்தால் போன் தானாகவே வேகத்தைக் கூட்டிக்கொள்ளும். இன்னொரு வழி, 4கே வீடியோ எடுத்து அதிலிருந்து ஒரு சட்டகத்தை உருவுவது. அது எட்டு மெகாபிக்சலுக்கு மேல் வரும், நம் பக்கத்தில் பாதிக்குத் தாராளம். இதுவும் வெயிலில்தான் பலிக்கும். நிழலில் வீடியோவின் ஒவ்வொரு சட்டகமும் கலைந்தே இருக்கும். ஓடுகிற நாயின் கால் சில சமயம் போன் படத்தில் வளைந்து தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். நாய்க்கு ஒன்றுமில்லை. போன் படத்தை ஒரே கணத்தில் மொத்தமாக எடுக்காமல் வரி வரியாகப் படிக்கிறது. படித்து முடிப்பதற்குள் கால் நகர்ந்துவிடுகிறது. சுழலும் மின்விசிறியைப் போனில் எடுத்தால் இறக்கை வளைவது இதனால்தான். கடைசியாக என் சொந்த மன்றாட்டு: வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்புங்கள். படமாக அனுப்பினால் அது பிழிந்து சக்கையாக்கித்தான் எங்களிடம் தரும்.

மலையடிவார ஊர்க்காரர்களுக்கு வெளிச்சம் பற்றித் தனியாக ஒரு சொல். சந்தவாசலுக்கு மலை மேற்கே. பஞ்சாங்கத்தில் அஸ்தமனம் எத்தனை மணியானாலும், சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கிய அந்த நிமிடமே வயலில் வெளிச்சம் வடிந்துவிடும். சென்னைக்காரர்கள் மாலை ஐந்தரை மணிப் பொன்வெயில் என்று எழுதுவதை நம்பிக் காத்திருந்தால் கைக்குக் கிடைப்பது நிழல்தான். இங்கே காலைதான் நேரம். பனி விலகிய பிறகு, மலையே வெளிச்சம் பட்டுப் பின்னணித் திரையாக நிற்கிற எட்டு, ஒன்பது மணி. நாய்க்கும் அதுதான் நல்லது. நம்மைப் போல் அதற்கு உடம்பெல்லாம் வேர்த்துக் குளிர வழியில்லை, மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கிறது. நல்ல படம் வரும்வரை உச்சி வெயிலில் இருபது தடவை ஓட விடாதீர்கள். படத்துக்காகக் காட்டோரம் அவிழ்த்தும் விடாதீர்கள். முயலையோ மானையோ நாயை விட்டுத் துரத்துவது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை. அப்படி ஒரு படமும் வந்திருந்தது. கலையாமல் தெளிவாகத்தான் இருந்தது. போடவில்லை.

திரும்பி வரும்போது எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது ஒரு நின்ற நாய். நம் திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்றொரு ஊர். அங்கே மகேந்திரவர்ம பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த நடுகல் உண்டு; ஏழாம் நூற்றாண்டின் தொடக்கம். கருந்தேவக்கத்தி என்பவன் எருமைகளைக் காக்கும் சண்டையில் இறந்ததற்காக நட்ட கல். அவனுக்குப் பின்னால் அவனுடைய நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். அதற்குப் பெயர் கோவிவன். அந்த நாய் இரண்டு கள்ளர்களைக் கடித்ததையும் காத்திருந்ததையும் எழுத்திலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள். பாய்ந்த நாய், கடித்த நாய். சிற்பி நினைத்திருந்தால் கள்ளன் மேல் தாவுகிற கணத்தைச் செதுக்கியிருக்கலாம். நின்று காவல் இருக்கிற நாயைத்தான் தேர்ந்தெடுத்தான். பாய்ச்சல் எழுத்தில் இருக்கிறது, நாய் கல்லில் நிற்கிறது. அன்று காலை வரப்பில், எல்லாம் ஓடி முடித்துக் கருப்பி மல்லாட்டைச் செடிகளுக்கு நடுவே நின்று, அக்கா எந்தப் பக்கம் போகிறார் என்று திரும்பிப் பார்த்தாள். 1/1000 அப்படியே இருந்தது, ஐஎஸ்ஓ 1600 அப்படியே இருந்தது. நானும் ஒன்று எடுத்தேன். என் கேமராவில் அன்று தேறிய ஒரே படம் அது.

அக்கா சும்மா இருக்கவில்லை. இந்தப் பக்கம் அச்சுக்குப் போவதற்கு மூன்று நாள் முன்னால் சந்தவாசலிலிருந்து ஒரு படம், டாக்குமெண்டாகவே, வந்தது. அதே போன், வெயில், ப்ரோ முறை, 1/1000. வைக்கோல் போர் இந்த முறை மங்கல். அதன் முன்னால் கருப்பி, நாலு காலும் அந்தரத்தில், கண்ணில் ஒளித்துளி, ஒரு காது மேலே ஒரு காது கீழே. சட்டகத்தின் இடது ஓரத்தில் வெள்ளையாக ஒரு வால் வெளியேறிக்கொண்டிருக்கிறது. அட்டையில் போடலாமா என்று உடனே கூப்பிட்டுக் கேட்டேன். ஒத்துக்கொள்ளவில்லை. "வெள்ளையன் மனசு கஷ்டப்படுங்கண்ணா. ரெண்டும் இருக்கிற மாதிரி எடுத்துத் தர்றேன், அதுவரைக்கும் உள்பக்கத்துலயே போடுங்க."

உள்பக்கத்தில் போட்டிருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்